மலைநாட்டு நீர்நிலைகளும் வந்தேறிய உயிர்களும்

கண்டி மாநகரிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, அக்குறணையூடாக அலவத்துகொடவை அடைந்து, பின்னர் பலகடுவைக் கணவாயின் வளைவுகளில் ஏறி இறங்குகின்றது. வழிப்போக்கருக்கு அக்கணவாய் இரண்டு மாவட்டங்களின் எல்லை. நீருக்கோ அது வேறொரு எல்லை. கணவாய்க்குத் தெற்கே பெய்யும் மழை அக்குறணை வழியே ஓடும் பிங்கா ஓயாவிற் சேர்ந்து மகாவலியை அடையும். வடக்கே பெய்யும் மழையோ சுது கங்கையிற் புகுந்து, அம்பன் கங்கையாகிப் பெருந்தொலைவு சென்ற பின்னரே அதே மகாவலியைக் காணும். ஒரே மலையின் இருபுறத்தும் விழுந்த இரு துளிகள் சந்திப்பதற்கு முன் ஏறத்தாழ இரண்டு வேறு நாடுகளைக் கடந்து விடுகின்றன. இப்பிரிவு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக நிலவியது. 1976ஆம் ஆண்டில் அது மனிதர் கையால் நீங்கியது. அதற்கு முன்னும் பின்னும் இம்மலைநாட்டு நீருக்குள் நிகழ்ந்தவை அரசர் போர்களைப் போல ஏடேறியவை அல்ல. எனினும் அவையும் வரலாறே.

இவ்வரலாற்றுக்குச் சாட்சியாக நிற்கக்கூடிய உயிர் ஒன்று உண்டு. அது நன்னீர் மட்டி. ஆற்றின் மணலிலும் குளத்தின் சேற்றிலும் பாதி புதைந்து, இரண்டு ஓடுகளைச் சிறிதே திறந்து நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு, தெளிந்த நீரை வெளிவிடும் இச்சிற்றுயிரைத் தமிழர் மட்டி என்றனர். சிங்களவரும் அதே சொல்லையே வழங்குகின்றனர். கடலோரத்துத் தமிழருக்கு மட்டியும் ஊரியும் சிப்பியும் நன்கு பழக்கமானவை. மலைநாட்டு ஆற்றுமட்டியை அறிந்தோர் சிலரே. இலங்கையின் பெரிய நன்னீர் மட்டிகள் பெரும்பாலும் இரண்டு சாதிகளைச் சார்ந்தவை. லாமெல்லிடென்ஸ் என்பது தேங்கிய நீரையும் மெதுவாக ஓடும் நீரையும் விரும்புவது. நீண்ட மெல்லோடு உடையது. பரேய்சியா என்பது சிறியது, தடித்த ஓட்டில் நெளிவரிகளைக் கொண்டது. முன்னதன் பெயர்பெற்ற இனத்தை 1819இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க்கும், பின்னதன் இனத்தை 1774இல் தென்மார்க்கு நாட்டு அறிஞர் முல்லரும் ஐரோப்பிய நூல்களிற் சேர்த்தனர்.

மட்டியின் வாழ்க்கையில் வியப்புக்குரியது அதன் பிள்ளைப்பருவம். தாய்மட்டி தன் செவுள்களுக்குள்ளேயே முட்டைகளை அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் மணலில் நேரே குடியேறமாட்டா. அவை நீரிற் கலந்து, கடந்து செல்லும் மீனொன்றின் செவுளையோ துடுப்பையோ பற்றிக் கொண்டு, சில நாட்களோ வாரங்களோ அம்மீனின் உடலிலே ஒட்டி வளர்ந்து, பின்னரே உதிர்ந்து தரையில் வாழத் தொடங்கும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தின் லேவன்ஹூக் இக்குஞ்சுகளை உருப்பெருக்காடியிற் கண்டு இவை மட்டியின் மக்களே எனச் சரியாக உணர்ந்தார். ஆனால் நூறு ஆண்டுகளின் பின், 1797இல், ரத்கே என்பவர் அவை மட்டியைப் பீடிக்கும் ஒட்டுண்ணிகள் எனப் பிழையாக முடிவு செய்து தனிப்பெயரும் இட்டார். அப்பிழை நீங்க மேலும் பல்லாண்டுகள் சென்றன. மீனின் உடலில் அவை வளரும் உண்மை 1866இல் லைடிக் என்னும் ஜெர்மானியரால் வெளிவந்தது. பிழையான பெயர் மட்டும் இன்றும் அக்குஞ்சுகளுக்கு வழங்கி வருகின்றது. அறிவு சில வேளைகளிற் பின்னோக்கியும் நடக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இதனால் விளங்குவது யாதெனின், மீனின்றி மட்டி இல்லை. ஓர் ஆற்றில் முதிர்ந்த மட்டிகள் நிறைந்திருப்பினும், அவற்றின் குஞ்சுகளைத் தாங்கிய மீனினம் மறைந்து விடுமாயின், அந்த ஆறு முதியோர் மட்டுமே வாழும் ஊரைப் போன்றதாகும். வெளியிலிருந்து பார்ப்போருக்குக் குறை தோன்றாது. மட்டிகள் நீண்டநாள் வாழ்பவை. ஐரோப்பிய முத்துமட்டி நூறு ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆகவே அழிவு தொடங்கிய நாளுக்கும் அது வெளிப்படும் நாளுக்கும் இடையில் ஒரு தலைமுறையே கடந்து விடலாம். ஆறுகளின் மீன்வளத்தில் நிகழும் மாற்றத்தை மட்டியோடு சேர்த்து நோக்கவேண்டிய காரணம் இதுவே.

பண்டைய இலங்கை அரசர் நீர்வாழ் உயிர்களையும் தம் ஆணைக்குள் கொண்டுவந்தனர் என்பதற்குச் சாசனச் சான்று உண்டு. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட நிசங்கமல்லன், அனுராதபுரத்தைச் சூழ்ந்த ஏழு காவதத்துள் உயிர்க்கொலை கூடாதெனவும், பன்னிரண்டு பெருங்குளங்களின் மீன்களுக்கு அபயம் எனவும் ஆணையிட்டதாகக் கல்வெட்டிற் பொறித்தான். பறவை பிடிப்போருக்குப் பொன்னும் ஆடையும் அளித்து அத்தொழிலை விடுவித்ததாகவும் அது கூறுகின்றது. தன் புகழைக் கல்லில் எழுதுவதில் அவ்வரசனுக்கு இருந்த ஆர்வத்தை ஆராய்ச்சியாளர் அறிவர். அதனால் ஆணை எவ்வளவு நடைமுறையில் இருந்ததென்று கேட்பது நியாயமே. ஆயினும் குளத்து மீனுக்கு அபயம் அளிப்பது அரசனுக்குப் பெருமை என்ற எண்ணம் அக்காலத்தில் நிலவியமை ஐயத்திற்கிடமற்றது. கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் தொடங்கி 1812இல் முடித்த கண்டிக் குளமோ வேறு நோக்குடையது. தலதா மாளிகைக்கு முன்னிருந்த வயல்களை நீருக்குள் ஆழ்த்தி, ஊழியத்துக்கு அழைக்கப்பட்ட குடிகளின் உழைப்பால் அவன் அதனை எழுப்பினான். அக்குளத்தின் மிகுநீர் மெத எல வழியே மகாவலியிற் சேர்கின்றது. எனவே கண்டிக் குளத்தில் விடப்பட்ட எவ்வுயிரும் மகாவலிக்குச் செல்ல வழியுடையது. இதனை அரசன் எண்ணியிருக்க இயலாது. பின்வந்தோர் எண்ணியிருக்கலாம்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1821இல் பேராதனையிற் பூந்தோட்டம் நிறுவப்பட்டது. உலகின் பல திசைகளிலிருந்தும் செடிகள் அங்கு வந்திறங்கின. காட்டை அழித்துக் கோப்பி நடப்பட்டது. 1870களின் இறுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கர் நிலம் கோப்பிக்கு உரியதாயிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் அப்பயிரை அழித்தது. நோயுற்ற இலையை ஆராயும்படி இங்கிலாந்துக்கு அனுப்பியவர் பேராதனைத் தோட்டத்தின் தலைவராகிய துவெயிற்ஸ். கோப்பியின் இடத்தில் தேயிலை வந்தது. பயிர் மாறினாலும் மலைச்சரிவின் மண் ஆற்றுக்கு இறங்குவது மாறவில்லை. கலங்கல் நீர் மட்டியின் செவுளை அடைக்கும். மணற்படுக்கையின் மேற் படியும் சேறு இளமட்டிகளை மூச்சடைக்கச் செய்யும். அன்று ஆற்றில் எத்தனை மட்டிகள் இருந்தன என்று எண்ணி வைத்தோர் எவருமிலர். தோட்டத்துரைமாரின் கணக்கேட்டில் ஏக்கருக்கு எத்தனை அந்தர் கோப்பி என்பது உண்டு. ஓடைக்கு எத்தனை மட்டி என்பது இல்லை.

நீருக்குள் வேண்டுமென்றே அயலுயிர் விடும் வழக்கம் மலையுச்சியிலிருந்து தொடங்கியது. 1882இல் நுவரெலியாவின் குளிர்நீரில் ஐரோப்பியப் பழுப்பு டிரௌட் மீன் விடப்பட்டது. துரைமாரின் தூண்டில் விளையாட்டே அதன் நோக்கம். பின்னர் வானவில் டிரௌட்டும் வந்து ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைபெற்றது. அவ்வுயரத்தில் சுதேச மீன்கள் மிகக் குறைவாதலால் இம்மீனால் விளைந்த தீங்கு பெரிதன்று எனப் பலர் கருதினர். நீரில் மீன் மட்டுமே வாழ்வதாக எண்ணியமையின் பயன் அது. தவளைக்குஞ்சும் ஓடை இறாலும் நீர்ப்பூச்சியும் அக்கணக்கிற் சேரவில்லை.

பூவின் அழகுக்காக வந்த தீமை ஒன்றும் உண்டு. அமேசன் ஆற்றுப் பிரதேசத்துக்குரிய ஆகாயத்தாமரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நீலப்பூவும் ஊதிய காம்பும் கொண்ட அச்செடி சிங்களத்தில் 'ஜப்பான் ஜபர' எனப் பெயர் பெற்றது. ஜப்பானுக்கும் அதற்கும் பிறப்பால் யாதொரு தொடர்பும் இல்லை. சில ஆண்டுகளுக்குள் அது வாய்க்கால்களை மூடிவிடவே, 1909இல் அதனை வைத்திருப்பதைத் தடுக்கும் தனிச்சட்டமொன்று இயற்றப்பட்டது. ஒரு செடிக்கெனத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தமை அரசினரின் விரைவைக் காட்டுகின்றது என்பர் சிலர். சட்டம் பிறந்தபோது செடி ஏற்கெனவே பரவியிருந்தது என்பதும் உண்மை.

சல்வீனியா என்னும் மிதக்கும் பன்னத்தின் கதை கல்விக்கூடத்தார் கூர்ந்து கவனிக்கற்பாலது. 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதியினர் மாணவர்க்குக் காட்டும்பொருட்டு அதனை வருவித்தனர். வணிகரோ மீனவரோ அன்று. ஆசிரியரே கொண்டுவந்தனர், அதுவும் பாடத்துக்காக. பரிசோதனைச்சாலைத் தொட்டியிலிருந்து அது தப்பியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதன் பின்னும் வயல்கள், வாய்க்கால்கள், குளங்கள் எங்கும் கம்பளம் விரித்தாற்போல் மூடிற்று. அதன் கீழ் ஒளியும் காற்றும் புகா. நீர் அழுகும், கீழே கிடக்கும் மட்டி மூச்சடைத்து மாளும். அதனை அழிக்க மருந்து தெளித்தனர், ஆள்வைத்து வாரினர், பயன் சிறிது.

இத்தோல்விக்கு ஒரு காரணம் பெயர். இக்களையை அறிஞர் பல ஆண்டுகளாக சல்வீனியா ஆரிக்குலாட்டா என்றே அழைத்து வந்தனர். உண்மையில் இது அவ்வினம் அன்று என்பது தெளிவாகி, மொலெஸ்டா என்னும் புதுப்பெயர் 1972இல் மிட்செல் என்பவரால் இடப்பட்டது. பெயர் பிழையானதால் அதன் பிறந்தகமும் பிழையாகத் தேடப்பட்டது. ஆதலால் அதன் இயற்கைப் பகைவனாகிய பூச்சியும் கிட்டவில்லை. 1970களின் இறுதியில் தென்கிழக்குப் பிரேசிலில் இச்செடியின் உண்மையான தாயகம் கண்டறியப்பட்டது. அங்கிருந்து பெற்ற ஒரு சிறு கூன்வண்டு 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விடப்பட்டு, ஓராண்டு சற்றொப்பக் காலத்தில் அந்த ஏரியைத் தெளிவித்தது. 1986 முதல் அவ்வண்டு இலங்கையிலும் விடப்பட்டது. பல நீர்நிலைகளில் களை பெரிதும் ஒடுங்கிற்று. உயிர்களுக்குச் சரியான பெயரிடுவது ஏட்டுப் பண்டிதரின் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் உளர். அவர் இக்கதையை அறியாதவர்.

நன்மை கருதி விடப்பட்ட உயிர்களும் உள. 1934ஆம் ஆண்டின் வறட்சியில் ஆறுகள் ஓட்டம் தடைப்பட்டுக் குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் அனோபிலீஸ் நுளம்பு பெருகிற்று. தொடர்ந்து வந்த மலேரியாக் கொள்ளைநோயில் 1935 இறுதிக்குள் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். நுளம்புக் குஞ்சுகளைத் தின்னும் கப்பி முதலிய சிறு மீன்களைக் கிணற்றிலும் வாய்க்காலிலும் விடுவது அக்காலத்துச் சுகாதாரப் பணியின் ஒரு கூறு. வீடுதோறும் பிணம் விழுந்த காலத்தில் இம்மீன் சுதேச மீனுக்குப் போட்டியாகுமோ என்று கேட்க எவருக்கும் மனம் வந்திராது. பின்வந்த தலைமுறையினர் அவர்களைப் பழித்தல் எளிது. அவ்வாறு பழிப்பது நேர்மையன்று.

திலாப்பியாவைப் பற்றியும் அவ்வாறே. கிழக்காபிரிக்காவுக்குரிய அம்மீன் 1952இல் வந்தது. இலங்கையில் இயற்கையான ஏரிகள் இல்லாமையால் ஆற்றுமீன்கள் அகன்ற குளநீரின் நடுவே வாழப் பழகியவை அல்ல. பண்டைய அரசர் கட்டிய பெருங்குளங்களில் ஒரு பெரிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அவ்விடத்தைத் திலாப்பியா நிரப்பிற்று. உள்நாட்டு மீன்பிடியில் மிகப்பெரும் பங்கு இன்றும் அதனுடையதே. கடலுக்குத் தொலைவிலுள்ள ஏழை மக்களின் உணவில் அது சேர்ந்து விட்டது. வறண்ட வலயத்துக் குளத்தில் அதனால் விளைந்த கேட்டிலும் நலமே மிகுதி என்னும் வாதத்துக்கு வலுவுண்டு. மலைநாட்டு ஓடைக்கு அதே வாதம் பொருந்தாது. அங்கே வெற்றிடம் இருக்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அவ்வோடைக்கே உரிய குடிகள் இருந்தன.

அயல் மீனால் மட்டிக்கு நேரும் தீங்கு வேறொரு வழியாலும் வரலாம். சீன நாட்டுப் பெருமட்டியொன்று ஜாவாத் தீவில் குடியேறியது. 1969இல் தைவானிலிருந்து வருவித்த திலாப்பியா மீன்களின் செவுளில் ஒட்டிய குஞ்சுகளாக அது வந்ததென்பது ஆராய்ந்தோர் முடிவு. அதே மட்டி புல்லுண்ணிக் கெண்டை முதலிய சீன மீன்களோடு கிழக்கு ஐரோப்பாவுக்கும் சென்று பரவிற்று. மீனை இறக்கியவர் தாம் மட்டியையும் இறக்குவதை அறியார். இதனினும் கொடியது வரிக்குதிரை மட்டியின் வரவு. கருங்கடல், கஸ்பியன் கடற் பிரதேசத்துக்குரிய அவ்விரலளவு உயிர், கப்பல்கள் பாரத்துக்காக அடியில் ஏற்றும் நீரோடு சென்று, 1988இல் வட அமெரிக்காவின் சென் கிளேர் ஏரியிற் காணப்பட்டது. அது கல்லிலும் குழாயிலும் மட்டுமன்றிச் சுதேச மட்டிகளின் ஓட்டின் மீதும் நூற்றுக்கணக்காக ஒட்டி, அவை வாய் திறவாவண்ணம் செய்தது. சில ஆண்டுகளுக்குள் அந்த ஏரியின் பழைய மட்டிக்குடிகள் ஏறத்தாழ முற்றாக மறைந்தன. உலகில் நன்னீர் மட்டிகள் மிகுதியாக வாழ்வது வட அமெரிக்காவிலேயே; அங்குள்ள ஏறத்தாழ 300 இனங்களில் ஒரு பகுதி, அணைகளாலும் மாசினாலும் முன்பே அழிந்திருந்தது.

அணை என்றவுடன் கண்டியார் நினைவுக்கு வருவது மகாவலித் திட்டம். 1976இல் பொல்கொல்லையில் ஆற்றை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவெலைக்கு நீர் கொண்டு செல்லப்பட்டது. கண்டிப் பக்கத்து நீர் அன்று முதல் மலையின் வயிற்றுக்குள் நுழைந்து சுது கங்கையில் விழுகின்றது. அலவத்துகொடவின் வடக்கே பலகடுவை மேடு காத்து நின்ற நீரெல்லை அவ்வாறு துளைக்கப்பட்டது. அந்நீர் அத்தோடு நில்லாது, போவத்தென்னையில் மீண்டும் திருப்பப்பட்டுக் கலாவாவிப் பக்கத்து வேறோர் ஆற்றுவடிநிலத்திலும் புகுகின்றது. வறண்ட வயல்களுக்கு அது உயிர்நீர். அதனால் விளைந்த நெல்லை எவரும் மறுக்க முடியாது. பிங்கா ஓயாவும் பொல்கொல்லைக்கு மேற்புறத்திலேயே மகாவலியிற் சேர்வதால், அக்குறணைப் பக்கத்து ஓடையில் விடப்படும் எவ்வுயிருக்கும் அனுராதபுரத்து வயல்வரை வழி திறந்தது.

1985இல் விக்டோரியா அணை எழுந்தது. அதன் உயரம் 122 மீற்றர். தெல்தெனியாப் பழைய நகரம் நீருக்குள் மறைந்தது. அதனோடு மறைந்தவற்றுள் ஆற்றின் ஆழ்மடுக்களும் பாறையிடை விரைநீரும் அடங்கும். ஜோர்டான், ஸ்டார்க்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1917இல் விவரித்த 'கடயா' என்னும் லேபியோ மீன் அத்தகைய நீரிலன்றி வாழாதது. இலங்கையிலன்றி வேறெங்கும் இல்லாதது. நகரத்து மக்களுக்குப் புதுநகரம் கட்டிக் கொடுத்தனர். மடுவை இழந்த மீனுக்குப் புதுமடு கொடுக்க எவராலும் இயலாது.

புதிய நீர்த்தேக்கங்களிற் புதிய குடிகள் ஏறின. வீட்டுக் கண்ணாடித் தொட்டியிற் பாசி மேயவென வளர்க்கப்படும் தென்னமெரிக்கக் கவசக் கெளிறு, கடைக்காரர் 'டாங்க் கிளீனர்' என விற்பது, வளர்ந்து பெருத்ததும் வீட்டாரால் ஆற்றில் விடப்படுகின்றது. பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் அது இனம் பெருக்கி நிலைபெற்றுள்ளதை 2013இல் வெளிவந்த ஆய்வு எடுத்துரைத்தது. அதன் உடல் எலும்புத் தகடுகளால் மூடப்பட்டது, மீனவர் வலையைக் கிழிப்பது, விலைபோகாதது. கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் மண்ணையும் சரிக்கும். கண்டிக் குளத்திலோ 1999இல் மைக்ரோசிஸ்ரிஸ் என்னும் நச்சுப்பாசி படர்ந்து நீர் பச்சை வர்ணக் கூழாயிற்று. நகரத்துக் கழிவின் உரம் பாசிக்கு உணவாயிற்று. அப்பாசியை வடித்து நீரைத் தெளிவிக்கும் மட்டி முதலியவற்றை அன்று எவரும் நினைக்கவில்லை.

காப்பதற்காகவும் உயிர்களை இடம்பெயர்த்தனர் என்பது இவ்வரலாற்றின் இன்னொரு முகம். தென்மேற்கு மழைக்காடுகளின் ஓடைகளில் மட்டும் வாழும் அழகிய சிறு மீன்கள், காடழிவாலும் வளர்ப்பு மீன் வணிகத்தாலும் அருகி வந்தமை கண்டு, 1980களின் தொடக்கத்தில் சேனாநாயக்கா என்னும் ஆய்வாளர் அவற்றுட் சிலவற்றை மகாவலியின் மேற்பகுதி ஓடையொன்றுக்குக் கொண்டுசென்று விட்டார். அவற்றின் பின்னைய நிலையை ஆராய்ந்து விக்கிரமநாயக்கா 1990இல் முடிவை வெளியிட்டார். புதுநீரில் நிலைபெற்றவையும் உண்டு. களனிப் பக்கத்து மீனுக்கு மகாவலி அயலூர். ஓரிடத்தில் அழியும் உயிரை இன்னோரிடத்திற் காப்பது, அவ்விடத்துப் பழங்குடிக்கு அயலாரை ஏற்றுவதுமாகும். டிரௌட்டை விட்ட துரையையும் இவ்வாய்வாளரையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. ஆய்வாளர் விட்ட பின்னும் சென்று பார்த்தனர், எழுதியும் வைத்தனர். வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது சிறிதன்று.

எழுதி வைத்தலின் அருமையை இறுதியாக ஒரு நிகழ்ச்சி காட்டுகின்றது. 1970இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரார்முல்னர் தலைமையில், களனியிலுள்ள வித்தியாலங்காரப் பல்கலைக்கழக விலங்கியற் பகுதியின் துணையோடு, ஒஸ்திரிய - இலங்கை நீரியற் குழுவொன்று மலைநாட்டு ஓடைகளில் இறங்கியது. நீரின் வெப்பத்தையும் வேகத்தையும் அளந்து, கல்லைப் புரட்டி, நத்தையும் மட்டியும் பூச்சியும் எங்கெங்கு உள எனக் குறித்தது. பாறையைப் பற்றி வாழும் பலுடோமஸ் நத்தைகள் இத்தீவில் எவ்வளவு பல்கிக் கிளைத்துள்ளன என்பது அதனால் விளக்கம் பெற்றது. அக்குழுவினர் வந்தபோது பொல்கொல்லைச் சுரங்கம் திறக்கப்படவில்லை; விக்டோரியா எழவில்லை; கவசக் கெளிறு வரவில்லை. தாம் ஒரு பழைய உலகத்தின் கடைசிக் கணக்கை எடுக்கின்றனர் என்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அவ்வேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அதே ஓடைகளுக்கு மீண்டும் செல்வோர், அன்று குறித்த கல்லின் கீழ் இன்று எது இருக்கின்றது என்று பார்க்கலாம். பிங்கா ஓயாவின் கரையில் அதற்கு வேண்டுவது ஒரு வாளியும் ஒரு வடிதட்டும் முழங்கால் நனையும் துணிவுமே.